பெரிய கட்டடங்களின் மின் கணக்கு ஊரறிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் கட்டணம் உயரும்போதெல்லாம் பத்திரிகைகளில் வீட்டு உபயோகத்தைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டிய குடும்பம் எதைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்கிறோம். பல நூறு வீடுகளுக்கு ஆகும் மின்சாரத்தை ஒரே எச்டி (உயர் அழுத்த) இணைப்பில் இழுக்கும் அலுவலக வளாகமோ மருத்துவமனையோ வணிக வளாகமோ, தன் பரப்புக்கும் வேலை நேரத்துக்கும் ஏற்ற அளவில்தான் எரிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பல கட்டடங்களால் பதில் சொல்ல முடியாது. மாதா மாதம் பில் கட்டுகிறார்கள். எந்த யூனிட் எங்கே போனது என்பதற்குக் கணக்கு இல்லை. இந்த நிலையில் புது சில்லர் (ஏசிக்கு நீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம்) வாங்குவதும் கூரையில் சோலார் பலகை பரப்புவதும் நடக்கிறது. முதலில் அளக்க வேண்டும், அதையும் சரியாக அளக்க வேண்டும், அளந்ததை வெளியில் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரு கட்டடத்தை மதிப்பிடும் முதல் எண் எளியது: ஆண்டு முழுவதும் செலவான யூனிட்டைக் கட்டடப் பரப்பால் வகுத்தால், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று வரும். பிஇஇ எனப்படும் மத்திய எரிசக்தித் திறன் பணியகம் அலுவலகக் கட்டடங்களுக்கு 2009-இல் கொண்டுவந்த நட்சத்திர மதிப்பீடு இந்த எண்ணை வைத்தே அமைந்தது. சென்னை போன்ற வெப்ப ஈரப்பத மண்டலத்தில், பாதிக்கு மேல் ஏசி உள்ள அலுவலகத்துக்கு 175 முதல் 200 வரை ஒரு நட்சத்திரம் என்றும், 25 யூனிட் குறையக் குறைய ஒவ்வொரு நட்சத்திரம் கூடி, 100-க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம் என்றும் அந்த அட்டவணை வகுத்தது. 10,000 சதுர மீட்டர் அலுவலகம் ஆண்டுக்கு 18 லட்சம் யூனிட் எரித்தால் 180, ஒரு நட்சத்திரம். மூன்று நட்சத்திரத்துக்கு வர 3 லட்சம் யூனிட் குறைய வேண்டும்.

வகுத்தல் எளிது என்றாலும் அதிலேயே தவறு நுழைகிறது. பரப்பில் வாகன நிறுத்துமிடத்தைச் சேர்க்கக் கூடாது. மேலே சொன்ன கட்டடத்தில் அடித்தளப் பார்க்கிங் 5,000 சதுர மீட்டரையும் கூட்டிவிட்டால் 180 என்பது 120 ஆகிவிடும். ஒரு யூனிட்கூட மிச்சமாகாமல் நான்கு நட்சத்திரம் கிடைத்துவிடும். ஜெனரேட்டரில் உற்பத்தியான யூனிட்டைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். அதற்கு மீட்டர் இல்லாவிட்டால், நல்ல சுமையில் ஓடும் பெரிய செட்டுக்கு லிட்டர் டீசலுக்கு 3.5 யூனிட் என்று தோராயமாகப் போடலாம். குறைந்த சுமையில் ஓடினால் அதுவும் வராது. சோலார் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. பிஇஇ கணக்கில் அந்த இடத்திலேயே உற்பத்தியாகும் சூரிய மின்சாரம் சேராது. அதனால் உள்ளே வீணாவது அப்படியே இருக்க, எண் மட்டும் குறைந்து தெரியும். சோலார் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று இரண்டு எண்ணையும் எழுதி வைப்பதே நேர்மை.

வேலை நேரமும் முக்கியம். மூன்று ஷிப்டு ஓடும் பிபிஓ அலுவலகத்தையும் மாலை ஆறு மணிக்குப் பூட்டும் அலுவலகத்தையும் ஒரே கோலால் அளக்க முடியாது. அதனால்தான் பிபிஓ கட்டடங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு எத்தனை வாட்-மணி என்ற தனிக் குறியீட்டை பிஇஇ வைத்தது. வாடகைக்கு விட்ட கட்டடங்களில் வேறு சிக்கல்: சில்லரும் லிஃப்டும் உரிமையாளர் கணக்கில், விளக்கும் கணினியும் சர்வர் அறையும் வாடகைதாரர் கணக்கில். இரண்டையும் பிரித்து அளக்காவிட்டால் ஒருவர் மற்றவர் மீது பழி போட்டுக்கொண்டு இருவருமே எதுவும் செய்யாமல் இருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் மதிப்பீடு உரிமையாளர் பங்கு, வாடகைதாரர் பங்கு என்று தனித்தனியாகவும் நட்சத்திரம் தருவது இதனால்தான்.

அடுத்து மீட்டர். உட்பிரிவு மீட்டர் வைத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பேனலைத் திறந்து பார்த்தால், அளவு தவறாக இருப்பதற்குப் பெரும்பாலும் மீட்டரைவிட சிடி (பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் மின்மாற்றி) இணைப்பே காரணமாக இருக்கும். மூன்று பேஸில் ஒரு சிடி தலைகீழாக மாட்டியிருந்தால், சமநிலைச் சுமையில் மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். ஒரு சிடியின் கம்பி கழன்றிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு பேஸின் சிடிகள் இடம் மாறியிருந்தால் ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யம் என்றால் யாராவது கவனிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு காட்டும் மீட்டர் ஆண்டுக்கணக்கில் சந்தேகம் வராமல் ஓடும். 400 ஆம்பியரை 5 ஆம்பியராக்கும் 400/5 சிடியை எடுத்துவிட்டு 600/5 மாட்டியபின் மீட்டரில் பெருக்கெண்ணை 80-லிருந்து 120-ஆக மாற்றாமல் விட்டாலும் இதே விளைவுதான். 600 ஆம்பியர் சிடி போட்டு எப்போதும் 20 ஆம்பியர் ஓடும் மின்பாதையில் (ஃபீடர்) சாதாரண வகுப்பு சிடியின் துல்லியம் கெட்டுவிடும். அங்கே சிறிய சிடியோ, குறைந்த மின்னோட்டத்திலும் துல்லியமான 0.5எஸ் வகுப்போ வேண்டும். இவை அனைத்தையும் ஒரே சோதனையில் பிடிக்கலாம்: உட்பிரிவு மீட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே நாள், ஒரே நேரத்தில் படித்து, கூட்டுத்தொகையை முதன்மை மீட்டரோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், ஒவ்வொரு பேஸாக வாட் அளவைப் பாருங்கள். எந்தப் பேஸ் மைனஸோ பூஜ்யமோ காட்டுகிறதோ அங்கே தவறு.

மீட்டர் சரியானதும், பணம் எதுவும் செலவழிக்காமல் பெரும் பலன் தரும் இடம் இரவுச் சுமை. மின்வாரியத்தின் எச்டி மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை சுமையைப் பதிவு செய்து வைக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி, ஒரு வாரத்துக்கு வரைபடம் போட்டால் போதும். பகலில் 500 கிலோவாட் ஓடும் அலுவலகம் இரவு 2 மணிக்கு 150 கிலோவாட் ஓடினால், யாரும் இல்லாத கட்டடத்தில் அது எதற்கு என்று கேட்க வேண்டும். சர்வர் அறை 40 என்று சொல்வார்கள். மீதியைத் தேடினால், கழிவறை எக்ஸாஸ்ட் விசிறிகள், நேரக்கட்டுப்பாடு கழற்றப்பட்ட ஏஎச்யூ (குளிர்ந்த காற்றை அறைகளுக்கு ஊதும் பெட்டி), சுற்றிக்கொண்டே இருக்கும் குளிர்நீர் பம்ப், சுமையே இல்லாமல் சூடேறிக்கொண்டிருக்கும் இரண்டாவது டிரான்ஸ்பார்மர் என்று வரிசையாகக் கிடைக்கும். இரவு 10 மணி நேரத்தில் 60 கிலோவாட் குறைத்தால் ஆண்டுக்கு 2,19,000 யூனிட். ஞாயிற்றுக்கிழமையின் வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். வேலை நாளைப் போலவே அது இருந்தால், டைமரில் வார நாள் அமைக்கப்படவே இல்லை.

ஏசிக்கு வருகிறோம். நம் ஊர்க் கட்டடத்தில் மின்சாரத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது; பெரும்பாலானோர் அளக்காமல் விடுவதும் இதைத்தான். சில்லர் எத்தனை டன் (குளிர்விக்கும் திறனின் அலகு) குளிர் தருகிறது, அதற்கு எத்தனை கிலோவாட் எடுக்கிறது என்பதே அளவு. மணிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறது என்பதை, உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, 3.024-ஆல் வகுத்தால் டன். 200 கன மீட்டர், 3 டிகிரி வித்தியாசம் என்றால் 198 டன். சில்லர் 150 கிலோவாட் எடுத்தால் டன்னுக்கு 0.76 கிலோவாட்.

இப்போது, இரண்டு வெப்பநிலை உணரிகளும் சேர்ந்து அரை டிகிரி தவறு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வித்தியாசம் 2.5 டிகிரி. அப்போது 165 டன்தான், டன்னுக்கு 0.91. அரை டிகிரியில் ஒரு சுமாரான சில்லர் நல்ல சில்லராகத் தெரிந்துவிட்டது. குழாயின் வெளிப்புறத்தில் டேப் வைத்து ஒட்டிய உணரியில் அரை டிகிரி தவறு என்பது சர்வ சாதாரணம். உணரி, நீருக்குள் இறங்கும் உலோக உறையான தெர்மோவெல்லில், வெப்பம் கடத்தும் பசையோடு இருக்க வேண்டும்; இரண்டு உணரிகளையும் ஒரே நீர்த்தொட்டியில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் ஜோடியாகப் பொருத்த வேண்டும். ஓட்ட மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேரான நீளம் வேண்டும். வளைவை ஒட்டியோ வால்வுக்கு அடுத்தோ மாட்டினால் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

அளவு சரியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு; இதை நம் பராமரிப்பு ஒப்பந்தங்களில் எழுதியே ஆக வேண்டும் என்கிறோம். குளிர்நீரிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸருக்குக் கொடுத்த மின்சாரமும் சேர்ந்து கண்டென்சர் (சில்லர் தன் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி) நீரில் வெளியேற வேண்டும். வேறு வழியில்லை. மேலே சொன்ன சில்லரில் 198 டன் என்பது 698 கிலோவாட். 150-ஐக் கூட்டினால் 848. கண்டென்சரில் 250 கன மீட்டர் நீர் 2.6 டிகிரி சூடேறி வெளியே போனால், அங்கே வெளியேறுவது 250 × 2.6 × 1.163 = 756 கிலோவாட். 92 கிலோவாட் கணக்கில் உதைக்கிறது, 12 சதவீதம். இந்த எண்களை நம்பக் கூடாது என்று இயந்திரமே சொல்லிவிட்டது. உணரியைத் திருத்தி 2.5 டிகிரி என்று போட்டால் 581-உம் 150-உம் சேர்ந்து 731; 756-இலிருந்து வித்தியாசம் சுமார் 3 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. சிங்கப்பூரில் கட்டட, கட்டுமான ஆணையம் இந்த வெப்பச் சமநிலையைத்தான் கேட்கிறது: நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு, வெப்பநிலை அளவில் 0.05 டிகிரி துல்லியம், பதிவுகளில் 80 சதவீதமாவது 5 சதவீத வித்தியாசத்துக்குள் அடங்க வேண்டும். நம்மைப் போலவே ஆண்டு முழுவதும் புழுங்கும் ஊர் அது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

சரியாக அளந்தபின் பெரும்பாலான கட்டடங்களில் முதலில் தெரியவருவது, வெப்பநிலை வித்தியாசம் வடிவமைப்பில் சொன்ன 5.5 டிகிரி வராமல் இரண்டு, மூன்று டிகிரியில் நிற்பது. இதன் பொருள், தேவைக்கு இரட்டிப்பு நீர் சுற்றுகிறது. ஓட்டம் போதவில்லை என்று இரண்டாவது பம்பையும் இரண்டாவது சில்லரையும் ஓட்டுகிறார்கள். இரண்டும் பாதிச் சுமையில் முக்கிக்கொண்டு ஓடுகின்றன. காரணம் சில்லர் அறையில் இருக்காது. ஏஎச்யூவில், தேவைப்படாத நீரை அப்படியே திருப்பி அனுப்பும் மூன்று வழி வால்வு வைத்திருப்பார்கள். அல்லது இரண்டு வழி வால்வு முழுவதும் மூடாமல் கசியும். குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள் (காயில்) அழுக்கேறி வெப்பத்தை வாங்காது. விசிறி நின்ற ஏஎச்யூவில் நீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு பைபாஸ் வால்வை எவரோ ஒரு நாள் திறந்து, அப்படியே விட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஏஎச்யூவின் திரும்பும் நீர்க் குழாயிலும் வெப்பநிலையைப் படித்துக்கொண்டு போனால், குளிர் குறையாமல் நீரைத் திருப்பி அனுப்பும் குற்றவாளிகள் ஒரே நாளில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பெரிய சில்லர் வாங்குவது பணத்தைப் புதைப்பது.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி பற்றியும் சொல்ல வேண்டும். பம்பின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், உயரத் தடை இல்லாத மூடிய சுற்றில், மின்சாரம் 51 சதவீதத்துக்கு இறங்கும். இதை நம்பி எல்லாக் கட்டடத்திலும் விஎஃப்டி மாட்டிவிட்டார்கள். திரையைப் பாருங்கள்: பாதி இடங்களில் நாள் முழுவதும் 49, 50 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம். அழுத்த உணரியைக் கடைசி ஏஎச்யூ அருகே வைக்காமல் பம்புக்குப் பக்கத்திலேயே வைத்து, அழுத்த இலக்கையும் உயர்த்தி அமைத்திருப்பார்கள். இலக்கைப் படிப்படியாக இறக்கி, மிகத் தொலைவிலுள்ள ஏஎச்யூவின் வால்வு 90 சதவீதம் திறக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய பம்பானால் ஓட்டத்தையும் தூக்கு உயரத்தையும் பெருக்கி 367-ஆல் வகுத்துப் பாருங்கள். 200 கன மீட்டர், 25 மீட்டர் என்றால் நீருக்குப் போவது 13.6 கிலோவாட். மோட்டார் 30 கிலோவாட் எடுத்தால் பாதிக்கு மேல் வீண். தேவைக்கு மீறிய பம்பை வாங்கி, வால்வை நெரித்து ஓட்டுவதே பெரும்பாலும் காரணம். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்கினாலே போதும்.

கண்டென்சர் பக்கம் கதை வேறு. போர்வெல் நீரின் உப்பு குழாயின் உட்புறத்தில் படியும். கண்டென்சருக்குள் வாயு திரவமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் கம்ப்ரஸர் 2 முதல் 3 சதவீதம் கூடுதல் மின்சாரம் எடுக்கும். அந்த வெப்பநிலைக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுத்தம் செய்த மறுநாள் குறித்து வைத்து, தினமும் அதே சுமையில் ஒப்பிட்டால், அடுத்த சுத்தம் எப்போது என்று காலண்டர் பார்க்கத் தேவையில்லை.

ஈரப்பதத்தை மறந்து செய்யும் சேமிப்பு நம் கடற்கரை ஊர்களில் நிலைக்காது. சில்லர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் 2, 3 சதவீதம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதைச் செய்தால் காயிலில் ஈரம் வடியாது. அறை 24 டிகிரியில் இருந்தும் பிசுபிசுக்கும். ஊழியர்கள் 20-க்கு இறக்கிவிடுவார்கள். வெளிக்காற்றே நமக்குப் பெரிய சுமை. சென்னையின் கோடைக் காற்று 1,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) உள்ளே வந்தால், அதைக் குளிர்வித்து ஈரம் நீக்கச் சுமார் 6 டன் வேண்டும். 5,000 சிஎஃப்எம் எக்ஸாஸ்ட் வீணாக ஓடினால் அதே அளவு வெளிக்காற்று கதவிடுக்கில் உள்ளே வரும். 30 டன் அதற்கே போகும். காற்றோட்டத்தைக் கார்பன் டை ஆக்சைடு உணரி வைத்துக் கட்டுப்படுத்துவது நல்லது. ஆனால் பல உணரிகள், கட்டடம் அவ்வப்போது காலியாகி வெளிக்காற்றின் அளவுக்கு இறங்கும் என்று நம்பித் தம்மைத் தாமே திருத்திக்கொள்பவை. 24 மணி நேரமும் ஆள் இருக்கும் மருத்துவமனையில் அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, ஆண்டுக்கொருமுறை கையால் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் உணரி குறைத்துக் காட்டும்; நோயாளிகளுக்குக் காற்று குறையும். சேமிப்புக்காக அதைச் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

முதன்மை பேனலில் ஒரு பெட்டியை மாட்டினால் 20 சதவீதம் மிச்சம் என்று விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்கும் கெப்பாசிட்டர், பவர் ஃபேக்டரை உயர்த்தி கேவிஏ தேவையை (இணைப்பிலிருந்து இழுக்கும் மொத்த மின் அளவை) குறைக்கும். பில்லில் அதற்குப் பலன் உண்டு. மோட்டார் செய்யும் வேலைக்கான யூனிட் அதனால் குறையாது.

செய்த வேலைக்குச் சேமிப்பு வந்ததா என்பதை, போன ஆண்டு பில்லையும் இந்த ஆண்டு பில்லையும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மழை அதிகமான ஆண்டில் ஒன்றும் செய்யாமலே யூனிட் குறையும். குறைந்தது 12 மாத யூனிட்டை அந்தந்த மாதத்தின் வெளி வெப்பநிலை, ஈரப்பதம், ஆள் வருகை ஆகியவற்றோடு பொருத்தி ஒரு சமன்பாடு போட்டு, புதிய ஆண்டின் வானிலைக்குப் பழைய கட்டடம் எவ்வளவு எரித்திருக்கும் என்று கணக்கிட்டு, உண்மைச் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். பில் காலம் 28 நாளா 33 நாளா என்பதையும் பார்க்க வேண்டும். 2020, 2021 ஊரடங்கு ஆண்டுகளை அடிப்படை ஆண்டாக வைத்து ஒப்பந்தம் எழுதக் கூடாது. சேமிப்பில் பங்கு தரும் ஒப்பந்தங்களில் தகராறு வருவது பெரும்பாலும் இந்த ஒரு பத்தி எழுதப்படாததால்தான்.

சுமையை முதலில் குறைத்துவிட்டு அதன் பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும் என்பதற்கு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் நல்ல சான்று. 2009-இல் அறிவிக்கப்பட்டு, 38 சதவீத எரிசக்தியைக் குறைக்கத் திட்டமிட்ட அந்தப் பணியில், 6,514 ஜன்னல்களைக் கட்டடத்துக்குள்ளேயே புதுப்பித்து மாட்டினார்கள். வெப்பம் உள்ளே வருவது குறைந்ததால் பெரிய சில்லர் வாங்காமல் பழையதையே சீரமைக்க முடிந்தது. அதே நகரத்தில் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் 2020 முதல் தங்கள் எரிசக்தித் தரத்தை ஏ, பி, சி, டி என்று வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலக இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் கொடுத்தால், அதில் நேபர்ஸ் நட்சத்திரத்தைப் போட வேண்டும்.

நம்மிடமும் சட்டம் உண்டு. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் வந்தது. 2007-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட எரிசக்திப் பாதுகாப்புக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ அதற்கு மேலோ உள்ள வணிகக் கட்டடங்களுக்குப் பொருந்தும். ஆனால் விதித்தொகுப்பு முக்கியமாகப் புதுக் கட்டடத்தின் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் பார்க்கிறது. ஐந்து ஆண்டு கழித்து அதே கட்டடம் எவ்வளவு எரிக்கிறது என்று யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. நட்சத்திர மதிப்பீடோ விருப்பமுள்ளவர் பெறுவது.

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. யூனிட் கணக்கு மின்வாரியத்தில் இருக்கிறது. கட்டடப் பரப்பு மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பு எண் வாரியாகச் சேர்த்து, வேலை நேரம், ஏசி உள்ள பரப்பு, ஜெனரேட்டர் யூனிட், சோலார் யூனிட் ஆகிய நான்கை மட்டும் கட்டட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினால் போதும். அரசு தன் சொந்தக் கட்டடங்களிலிருந்து தொடங்கட்டும்: தலைமைச் செயலக வளாகத்தின் நாமக்கல் கவிஞர் மாளிகை, எழிலகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்துக்குள் இணையத்திலும் கட்டட வாசலிலும் தமிழில் வெளியிடட்டும். மத்திய சில்லர் உள்ள கட்டடங்கள் வெப்பச் சமநிலைச் சோதனை முடிவையும் அதோடு சேர்க்கட்டும். அடுத்த ஆண்டு தனியார் எச்டி இணைப்புகளுக்கும் இதை விரிவாக்கலாம். தங்கள் நாளிதழ் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மாவட்ட வாரியாக வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மின் தணிக்கைப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை.